தைரியம் சொன்னவர்

சத்தியநாதனுக்கு நாட்டின் மேல் இருந்த நம்பிக்கை, சில தகப்பன்மார்களுக்குப் பிள்ளை மேல் இருக்கும் நம்பிக்கை மாதிரி. என்ன தப்பு செய்தாலும் கடைசியில் தேறிவிடுவான் என்று நினைப்பார்களே, அதைப் போல.

ஆம்பூரைத் தாண்டி பைபாஸ் ஓரத்தில் இருந்த ஷூ கம்பெனியில் தையல் பிரிவுக்கு அவர்தான் சூப்பர்வைசர். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கைகால் கழுவி, டீயோடு நாற்காலியில் உட்கார்ந்ததும் செய்திச் சேனலைப் போடுவார். வளர்ச்சி, ஏற்றுமதி, உலகத்தில் நாம் எத்தனையாவது இடம் என்று யாராவது பேச ஆரம்பித்தால் டம்ளரைக் கீழே வைத்துவிடுவார்.

"கேட்டியா புஷ்பம், ஜப்பானைத் தாண்டப் போறோமாம்."

"தாண்டட்டும். அதுக்குள்ள கேஸ் புக் பண்ணிடுங்க" என்பாள் ஜெயபுஷ்பம் சமையலறையிலிருந்து.

அவள் அரசு உதவி பெறும் மிஷன் பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்பு டீச்சர். நாள் முழுக்கப் பிள்ளைகளிடம் கத்திவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் இன்னொரு பிரசங்கம் பாரமாகத்தான் இருந்தது. ஒரே மகள் கேத்தரின் வேலூரில் நர்ஸ். ஹாஸ்டலிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வரும்போது, "அப்பாவை எலெக்‌ஷன்ல நிக்க வெச்சிடலாம்மா" என்று அவளும் சேர்ந்து கிண்டல் செய்வாள். அவருக்குக் கோபம் வராது.

ஆனால் அந்த நம்பிக்கை வெறும் டிவி பார்த்து வந்ததில்லை என்பது ஜெயபுஷ்பத்துக்குத் தெரியும். உலகமெல்லாம் பேங்குகள் கவிழ்ந்த அந்த வருஷம், ஆம்பூரில் கம்பெனி கம்பெனியாகப் பூட்டு விழுந்தபோது, கேத்தரின் சின்னக் குழந்தை. ஊரே தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்க, இவர் மட்டும், "திரும்ப ஓடும் பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஓடியது. கொரோனாவில் எல்லாம் அடைத்துக் கிடந்தபோது முகக்கவசம் கட்டிக்கொண்டு தன் லைன் பெண்களின் தெருத் தெருவாகப் போய், "மிஷினை யாரும் தூக்கிட்டுப் போயிடலம்மா, அங்கதான் இருக்குது, வருவோம்" என்றார். வந்தார்கள். திறந்த அன்று அந்தப் பெண்கள் தையல் மிஷினுக்குக் குங்குமம் வைத்துக் கற்பூரம் ஏற்றியதைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிடும். இரண்டு முறை அவர் சொன்னது பலித்தது. மூன்றாவது முறையும் பலிக்கும் என்று அவர் நினைத்ததை யார் தப்பு சொல்ல முடியும்?

மூன்றாவது முறை சத்தமில்லாமல்தான் வந்தது. முதலில் ஐரோப்பாவில் கடைகளில் வியாபாரம் இல்லை என்றார்கள். அடுத்து அமெரிக்காவில் நம் சரக்குக்கு வரியை ஏற்றிவிட்டார்கள். தைத்து, பெட்டியில் அடுக்கி வைத்த ஷூவையே இப்போதைக்கு அனுப்ப வேண்டாம் என்று செய்தி வந்தது. ஓவர்டைம் நின்றது. பிறகு சனிக்கிழமை வேலை நின்றது. ஊரில் எந்த டீக்கடையில் நின்றாலும் இதே பேச்சு.

அந்தச் சமயத்தில்தான் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றின் பஸ் வாரா வாரம் பைபாஸ் சந்திப்பில் வந்து நிற்க ஆரம்பித்தது. ஹாஸ்டல் உண்டு, சாப்பாடு உண்டு, பெண்கள் யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்று மைக்கில் சொன்னார்கள். கை சுறுசுறுப்பான பெண்களுக்குத்தான் அவர்கள் குறி. தோலில் நூல் பிடிக்கத் தெரிந்த விரலுக்குச் சின்னச் சின்ன ஸ்க்ரூ பிடிப்பது ஒன்றும் கஷ்டமில்லை.

ஷூ கம்பெனி முதலாளி தவ்ஃபீக் கெட்ட மனிதர் இல்லை. அப்பா தொடங்கிய கம்பெனியை வெளியூரில் படித்துவிட்டு வந்து எடுத்து நடத்தியவர். பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், அவர்கள் வீட்டுக் கல்யாணங்களுக்குப் போய் உட்கார்ந்து சாப்பிடுவார். அவர் சத்தியநாதனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"நல்ல டெய்லருங்க எல்லாம் அந்த பஸ்ல போய்ட்டா, ஆர்டர் திரும்ப வர்றப்ப நான் யாரை வெச்சு தைப்பேன், சொல்லுங்க. நாலஞ்சு மாசம்தான். ரெண்டு நாடும் பேசிட்டு இருக்காங்க, முடிஞ்சிடும்னு எல்லாரும் சொல்றாங்க. நான் சொன்னா முதலாளி பேச்சுன்னு நினைப்பாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நிப்பாங்க."

அன்று சாயங்காலம் அவர் டிவி போடவில்லை. நாளைக்குப் பேச வேண்டியதை ஜெயபுஷ்பத்தின் முன்னால் நின்று சொல்லிப் பார்த்தார். அவள் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டே கேட்டாள்.

"'நிலைமை சீராகலாம்'னு சொல்றீங்க. 'லாம்'னு முடிச்சா எவளும் நம்ப மாட்டா. 'சீராகும்'னு சொல்லுங்க."

"ஆமா. அதுதான் சரி" என்றார் அவர்.

மறுநாள் கேன்டீனில் அவர் எப்படிப் பேசினார் என்பது அவளுக்கு அமிர்தவள்ளி சொல்லித்தான் தெரிந்தது. அமிர்தவள்ளி அவருடைய லைனில் தைப்பவள். புருஷன் ஹைவேயில் லாரி மோதி இறந்துபோனவன். பாலாற்றுக்கு அந்தப் பக்கம் கிராமம். மகள் பூரணி ஜெயபுஷ்பத்தின் வகுப்பில்தான் படித்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு கட்டு முருங்கைக்கீரையோடு வீட்டுக்கு வந்தவள், அவர் மாடியிலிருந்து இறங்கி வரும்வரை சமையலறை வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தாள்.

"கேக்கறப்போ உடம்பெல்லாம் சிலுத்துக்கிச்சு டீச்சர். உலகமே முழங்கால் போட்டாலும் நம்ம நாடு நிக்கும்னாரு. நம்ம மண்ணுல எவ்ளோ ஜனம் இருக்குது, எவ்ளோ வேலை இருக்குது, நாம ஒருத்தன் கையை நம்பி இல்லன்னாரு. பொம்பளைங்க எல்லாம் கை தட்னோம். ஜோயான்னு சின்னப் பொண்ணு ஒண்ணு இருக்குது, அது விசிலே அடிச்சிருச்சு."

சத்தியநாதன் வந்ததும் அவள் விஷயத்துக்கு வந்தாள்.

"அண்ணா, நாளைக்கு அந்த பஸ்ல எனக்கு எடம் சொல்லியிருக்காங்க. புள்ளய திமிரியில எங்கண்ணன் வூட்ல விட்டுட்டு வான்றாங்க. இன்னா செய்யறதுன்னு தெரியல. நீங்க இன்னா சொல்றீங்களோ அதான்."

அவர் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "தகப்பன் இல்லாத புள்ள. அதை எதுக்கும்மா விட்டுட்டுப் போற? இங்கயே இரு. நாலஞ்சு மாசம் கொஞ்சம் பேஜாரா இருக்கும், அவ்ளோதான். பூரணி உன் கிட்டயே இருக்கட்டும்."

அமிர்தவள்ளியின் முகத்தில் அப்போது வந்த நிம்மதியை ஜெயபுஷ்பம் பார்த்தாள். அந்தப் பதிலைக் கேட்கத்தான் அவள் வந்திருந்தாள் போலிருந்தது. போகட்டும், போய்ப் பார்க்கட்டும் என்று சொல்ல ஜெயபுஷ்பத்துக்கும் நாக்கு வரை வந்தது. ஆனால் பூரணி வகுப்பில் முன் பெஞ்சுக்காரி, கணக்கை எல்லாருக்கும் முன்னால் முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவள். அவளை இழக்க இவளுக்கும் மனம் இல்லை. "ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போ" என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை பஸ் வந்தது. ஏறினவர்கள் கொஞ்சம் பேர்தான்.

ஒரு மாதம் போயிற்று. பேச்சுவார்த்தை நடக்கிறது, நடக்கிறது என்றே டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்போது சத்தியநாதனுக்கு ஒரு யோசனை வந்தது. அவர் முகம் அவ்வளவு பிரகாசமாக இருந்து ஜெயபுஷ்பம் பார்த்து நாளாகியிருந்தது.

"வெளிநாட்டுக்காரன் வாங்கலன்னா இன்னா? நம்ம நாட்டுல எத்தனை கோடிக் கால் இருக்குது! ஸ்கூல் ஷூ தைப்போம். நம்ம புள்ளைங்க போடட்டும். தவ்ஃபீக் சாரும் சரின்னுட்டாரு."

தைத்தார்கள். மாதிரி ஜோடி ஒன்றை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து டீபாய் மேல் வைத்தபோது கேத்தரினே கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கறுப்புத் தோல், சீரான தையல், உள்ளே மெத்தென்ற துணி. மந்திரி வீட்டுப் பிள்ளை போடலாம். சத்தியநாதன் அதை எடுத்துக்கொண்டு வேலூர் பஜாரில் கடை கடையாக ஏறினார். சென்னைக்குப் போனார், சேலத்துக்குப் போனார். போன இடத்திலெல்லாம் தையலைப் புகழ்ந்தார்கள். புகழ்ந்துவிட்டு, அலமாரியில் இருந்த ரெக்ஸின் ஷூவைக் காட்டினார்கள். அதன் விலைக்கு இவர்களால் தோல்கூட வாங்க முடியாது. ஒரே ஒரு பெரிய பள்ளி மட்டும் ஆர்டர் கொடுத்தது. அன்று லைனில் லட்டு கொடுத்தார்களாம். அந்த ஆர்டர் முடிந்தது. அடுத்தது வரவில்லை.

டிசம்பர் பிறந்ததும் தவ்ஃபீக் மறுபடி அவரைக் கூப்பிட்டார். இந்த முறை முதலாளி மேஜையைப் பார்த்துக்கொண்டே அழுதுவிட்டார் என்று சத்தியநாதன் பின்னால் ஒருமுறை சொன்னார். லைன்களை மூடுவது என்றும், மாதிரி தைக்கும் அறையை மட்டும் ஏழெட்டுப் பேரோடு வைத்துக்கொள்வது என்றும் முடிவு. அந்த ஏழெட்டுப் பேரில் சத்தியநாதன் உண்டு.

"லேபர் ஆபீசர் சொல்லிடுவாரு. நீங்க அன்னிக்கு லீவு போட்டுடுங்க" என்றாராம் தவ்ஃபீக்.

"இருன்னு சொன்னது நான். போன்னும் நானே சொல்றேன் சார்."

ஒரு மிஷின் விடாமல் ஒவ்வொரு பெண்ணிடமும் போய் நின்று சொல்லியிருக்கிறார். சிலர் அழுதார்கள். சிலர் சண்டை போட்டார்கள். விசிலடித்த ஜோயா எழுந்து நின்று, "அந்த பஸ்ஸ கண்ணாலயே வழியனுப்பி வெச்சோம் சார், உங்க வார்த்தையை நம்பி" என்றாள். அமிர்தவள்ளியோ, தினமும் வேலை முடிந்ததும் செய்வது போல மிஷின் மேல் எண்ணெய் விட்டு, துடைத்து, உறையைப் போட்டு மூடிவிட்டு, டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள்.

அதற்கப்புறம் வீட்டில் டிவி ஓடவில்லை.

இத்தனை வருஷம் எதைப் பாரம் என்று நினைத்தாளோ அது இல்லாமல் வீடு கிணறு மாதிரி ஆகிவிட்டது ஜெயபுஷ்பத்துக்கு. அவர் வருவார், டீ குடிப்பார், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கேட்டதற்குப் பதில் உண்டு, அதற்கு மேல் பேச்சு இல்லை. கிறிஸ்துமஸுக்கு கேத்தரின் வந்து நட்சத்திரம் கட்டினாள். வருஷா வருஷம் லைன் பெண்கள் கூட்டமாக வந்து கேக் சாப்பிட்டுவிட்டு, "சார் ஒரு பாட்டு" என்று அவரைப் படுத்துவார்கள். இந்த வருஷம் வாங்கி வைத்த கேக்கில் பாதியை ஜெயபுஷ்பம் அக்கம்பக்கத்தில் கொடுத்தாள்.

ஒரு சாயங்காலம் அவளே டிவியைப் போட்டாள். யாரோ ஒருவர் புள்ளிவிவரம் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் கரண்டியோடு ஹாலுக்கு வந்து, அவர் பேசுவது போலவே, "கேட்டீங்களா, வளர்ச்சி எல்லாரும் நினைச்சதைவிட ஜாஸ்தியாம். உலகமே படுத்துக் கிடக்குது, நாம மட்டும் நிக்கறோமாம்" என்றாள். தன் குரலே தனக்கு வேடம் போட்டது போலிருந்தது. ஆனாலும் சொன்னாள். இன்னும் கூட இரண்டு வார்த்தை சேர்த்துச் சொன்னாள்.

அவர் ரொம்ப நேரம் திரையைப் பார்த்தார்.

"அவன் பொய் சொல்லல புஷ்பம். நாடு நிக்குது. நிக்கும்னு நான் சொன்னேன், நிக்குது. ஆனா நான் நாடு நிக்கும்னு சொன்னப்போ, அந்தப் பொம்பளைங்க 'நாம நிப்போம்'னு கேட்டுக்கிட்டாங்க. ரெண்டும் ஒண்ணுன்னுதான் நானும் நெனச்சுட்டு இருந்தேன்."

அவள் டிவியை அணைத்தாள்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது பூரணி தலை வாராமல் வந்தாள். முதல் நாள் ஜெயபுஷ்பம் கண்டித்தாள். மறுநாளும் அப்படியே வந்தபோது பக்கத்தில் கூப்பிட்டுக் கேட்டாள்.

"அம்மாவுக்கு விரல் புண்ணு டீச்சர். சீப்பு புடிச்சா ரத்தம் வருது. எனக்குப் பின்னத் தெரியாது."

அமிர்தவள்ளி அந்த எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்குப் போன் செய்து பார்த்திருக்கிறாள். அப்போது யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்றவர்கள், இப்போது சின்ன வயசுப் பெண்கள் மட்டும்தான் என்றுவிட்டார்கள். பஸ்ஸும் வருவதில்லை. வேறு வழியில்லாமல் தோல் பதனிடும் ஒரு சின்ன ஷெட்டில் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் வேலைக்குப் போகிறாள். கையுறை கேட்டால் நாளைக்கு என்கிறார்கள். அவள் விரல்களில் தோல் உரிந்து போயிருந்தது. இதெல்லாம் பூரணி துண்டு துண்டாகச் சொன்னது.

அன்றிலிருந்து முதல் மணி அடிப்பதற்கு முன் ஜெயபுஷ்பமே வகுப்பு வராந்தாவில் உட்கார்ந்து பூரணிக்குத் தலை பின்னிவிட்டாள். வீட்டில் சொல்லவில்லை. ஆனால் ஒரு நாள் அவள் மறந்து வைத்துவிட்டு வந்த சாப்பாட்டுப் பையைக் கொடுக்க சத்தியநாதன் பள்ளிக்கு வந்தார். பல்லில் ரிப்பனைக் கடித்துக்கொண்டு அவள் பின்னிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் பூரணி எழுந்து, "வணக்கம் சார்" என்றாள். அவர் குழந்தையையும் பார்த்தார், மனைவியையும் பார்த்தார். பூரணி வகுப்புக்குள் போனதும் கேட்டார். அவள் சொல்லிவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து இருவரும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போனார்கள். அமிர்தவள்ளி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, "வாங்கண்ணா, வாங்க டீச்சர்" என்றாள். பாய் விரித்தாள். சத்தியநாதன் உட்காரவில்லை.

"அம்மா, நான் உன்னைப் போகச் சொல்லியிருக்கணும்."

"அய்யோ, இன்னாண்ணா நீங்க. நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க. உங்களுக்கு மட்டும் தெரியுமா இன்னா?"

அவர் கும்பிட்டார். அவள் பதறிப்போய் முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்துவிட்டாள். அந்தக் கையை அவர் பார்த்தார்.

திரும்பும் வழியில் பாலத்தின் நடுவில் ஸ்கூட்டரை நிறுத்தினார். கீழே ஆற்றில் மணலும் சீமைக்கருவேலமும்தான் இருந்தன. "திட்டியிருந்தா தேவலை" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி வண்டியை எடுத்தார்.

குடியரசு தினத்துக்குப் பள்ளியில் பேசுவது பல வருஷமாக சத்தியநாதன்தான். கொடியேற்றி முடிந்ததும் நம் நாட்டின் முன்னேற்றம் பற்றி அவர் பேசுவார், பிள்ளைகள் ஆவென்று கேட்பார்கள், பிறகு மிட்டாய். இந்த வருஷம் வேறு யாரையாவது கூப்பிடச் சொல்லலாம் என்று ஜெயபுஷ்பம் நினைத்திருந்தாள். தலைமையாசிரியை அதற்குள் போன் செய்துவிட்டார். அவரும் வருகிறேன் என்றுவிட்டார். வெள்ளைச் சட்டையை அவரே இஸ்திரி போட்டுக்கொண்டார்.

காலை வெயிலில் பிள்ளைகள் மைதானத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. சில தாய்மார்கள் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார்கள். ஜோயா தன் தம்பியை அழைத்துக்கொண்டு வந்திருந்தாள். அவர் மைக் முன்னால் போய் நின்றார். மைக் கொர்ரென்றது. ஜெயபுஷ்பம் தன் வகுப்பு வரிசையின் ஓரத்தில் நின்றுகொண்டு, கர்த்தரே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"யாரோட அம்மா ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போனாங்க? கை தூக்குங்க" என்றார்.

பிள்ளைகள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே தூக்கின. பாதிக்கு மேல் கைகள். பூரணியின் கை எல்லாவற்றுக்கும் மேலே உயர்ந்து நின்றது.

"இப்பவும் போறவங்க மட்டும் தூக்கியே வைங்க. மத்தவங்க கீழ போடுங்க."

கைகள் இறங்கின. ஒவ்வொன்றாக, பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துப் பார்த்து இறங்கின. பூரணி கொஞ்சம் யோசித்தாள். அம்மா போவதும் தோல் வேலைக்குத்தானே, அது ஷூவில் சேருமா என்ற சந்தேகம் போலிருக்கிறது. ஜெயபுஷ்பத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு அவளும் இறக்கினாள். கடைசியில் இரண்டு மூன்று கைகள் நின்றன. தலைமையாசிரியை நாற்காலியில் நெளிந்தார்.

"உங்க அம்மாங்க தைச்ச ஷூவைப் போட்டுக்கிட்டு, இந்த நேரம் எங்கியோ பனியில யாரோ நடந்துட்டு இருக்காங்க. அந்தத் தையல் விடாது. அது நான் கண்ணால பார்த்தது. உங்க அம்மாங்க எந்தத் தப்பும் பண்ணல. வீட்டுக்குப் போய் அவங்க கிட்ட சொல்லுங்க. சார் சொன்னாருன்னு…" அங்கே நின்றுவிட்டார். பிறகு, "சார் சொன்னாருன்னு சொல்ல வேணாம். நீங்களே சொல்லுங்க" என்றார்.

இறங்கி வந்துவிட்டார். ஜெய்ஹிந்த் சொல்லக்கூட இல்லை. பிள்ளைகளுக்குக் கை தட்டுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. மரத்தடியில் ஜோயா துப்பட்டா முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். யாரோ சட்டென்று மிட்டாய்த் தட்டை எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

பிப்ரவரியில் அமிர்தவள்ளி பூரணியின் டி.சி. கேட்டுப் பள்ளிக்கு வந்தாள். ஷெட்டில் ஒரு நாள் மூச்சு முட்டி விழுந்திருக்கிறாள். டாக்டர் அந்தப் பக்கமே போகக் கூடாது என்றுவிட்டார். ஸ்ரீபெரும்புதூரில் அந்த எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிப் பெண்கள் தங்கும் ஹாஸ்டலில் சமையலுக்கு ஆள் எடுக்கிறார்களாம், கான்ட்ராக்டில். அங்கேயே தங்க வேண்டும். குழந்தைக்கு இடமில்லை; பூரணி திமிரிக்கு மாமா வீட்டுக்குப் போகிறாள்.

"ஸ்க்ரூ போடப் போயிருக்க வேண்டியவ, இப்ப அந்தப் பொண்ணுங்களுக்குச் சோறு வடிக்கப் போறேன் டீச்சர்" என்று சிரித்தாள். கசப்பாகச் சொல்லவில்லை. வேடிக்கையான விஷயம் ஒன்றைச் சொல்வது போலத்தான் சொன்னாள். பூரணி பக்கத்தில் நின்று புத்தகப் பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

மார்ச் மாதம் கம்பெனிக்கு வேறு ஏதோ ஒரு நாட்டிலிருந்து சின்ன ஆர்டர் வந்தது. ஒரு லைனில் பாதியைத் திறந்தார்கள். டிவியில் அன்று யாரோ, நெருக்கடியைத் தாண்டி எழுந்து நிற்கும் தோல் தொழில் என்று பேசினார்கள் என்று கேத்தரின் போனில் சொன்னாள். திரும்பக் கூப்பிட்ட பெண்களில் ஜோயா வந்தாள், இன்னும் சிலர் வந்தார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொல்லி தவ்ஃபீக் கேட்டபோது சத்தியநாதன், "இந்த ஆர்டர் ஜூன் வரைக்கும் இருக்குது. அதுக்கு மேல எனக்குத் தெரியாது. வெளிய நல்ல வேலை கிடைச்சா போங்க, நான் தடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மிஷின்களைப் பார்க்கப் போய்விட்டார்.

அமிர்தவள்ளிக்கு அவரே போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் ஜெயபுஷ்பத்துக்கும் கேட்டது. பின்னால் பெரிய பாத்திரங்கள் உருளும் சத்தம்.

"வேணாண்ணா. மறுபடியும் நின்னுட்டா இன்னா செய்யறது? இங்க மூணு வேளை சாப்பாடு போட்டுடறாங்க. புள்ளைக்கு அனுப்ப முடியுது. நீங்க கூப்ட்டதே போதும்ணா." பிறகு கொஞ்சம் தயங்கி, "முடிஞ்சா பூரணிய ஒரு எட்டு பாத்துட்டு வாங்க. என்னால லீவு போட முடியல" என்றாள்.

கோடை விடுமுறையில் இருவரும் பஸ் மாறி மாறித் திமிரிக்குப் போனார்கள். அமிர்தவள்ளியின் அண்ணன் மூர்த்தி, வேர்க்கடலை பயிரிடும் சின்ன விவசாயி. நல்லவிதமாகத்தான் வரவேற்றார். அவித்த கடலையும் மோரும் வந்தன. பூரணி கொஞ்சம் உயர்ந்திருந்தாள், கொஞ்சம் கறுத்திருந்தாள். வீட்டில் இருந்த இரண்டு சின்னக் குழந்தைகளில் ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டே பேசினாள். புதுப் பள்ளியில் கணக்கு டீச்சர் இல்லை என்றாள். தான் நன்றாகத்தான் படிப்பதாகவும், அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவதாகவும் சொன்னாள். கேட்டதற்கு மட்டும் அளந்து அளந்து பதில் சொல்ல அந்தக் குழந்தை எப்போது கற்றுக்கொண்டது என்று ஜெயபுஷ்பத்துக்குத் தோன்றியது.

கிளம்பும்போது அவள் தெருமுனை வரை கூட வந்தாள். இடுப்புக் குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டு சத்தியநாதனை நிமிர்ந்து பார்த்தாள்.

"சார், அம்மா எப்ப திரும்ப வருவாங்க? உங்களுக்குத் தெரியும்னு அம்மா சொன்னாங்க. கம்பெனி எப்ப நல்லாவும்னு சாருக்குத்தான் தெரியும்னாங்க."

அவர் குனிந்து அவள் தலையில் கை வைத்தார். "தெரியலம்மா" என்றார். "எனக்குத் தெரியல."

குழந்தை அதைக் கேட்டு அழவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு, "பஸ் வந்துடும் டீச்சர், போங்க" என்றது.

ஆற்காட்டில் பஸ்ஸில் கூட்டம் ஏறியது. பூக்கூடையோடு ஒரு பெண், கல்யாணத்துக்குப் போகிற ஒரு குடும்பம். பிறகு அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்:

"சீக்கிரமே வந்துடுவாங்கன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு புஷ்பம்."

"சொல்லியிருக்கலாமே. குழந்தைதானே."

சற்றுப் பொறுத்து அவர் தோள் குலுங்குவதை அவள் கவனித்தாள். சத்தமே இல்லை. கல்யாண வீட்டுக்காரர்களில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். ஜெயபுஷ்பம் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, யார் கண்ணுக்கும் அவர் படாதபடி சீட்டுக்கு முன்னால் மறைத்து நின்றாள். "அம்மா, எடம் இருக்குதே, உக்காருங்க" என்று பூக்காரி சொன்னாள்.

"பரவால்லம்மா, நான் நின்னுக்கறேன்" என்றாள்.